கிக் எப்போது திரும்பும்? மின்னணு இசை: வாசகர் கேள்வி–பதில்

மின்னணு இசை பற்றி வந்த கேள்விகளில் பாதி 'ஏன் இப்படி உருக்குகிறது' என்று கேட்டன. மீதி 'நண்பனோடு சேர்ந்து செய்வது எப்படி' என்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வருவதால் கலந்தே பதில் தருகிறோம்.

கே: பாட்டு வரி இல்லை, பாடகர் இல்லை, விரலால் மீட்டிய தந்திகூட இல்லை. ஆனாலும் சில மின்னணு இசைத் துண்டுகளைக் கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஏன்?

ப: வரி இல்லாததும் ஒரு காரணம்தான். வரி இருந்தால் அது வேறு யாருடைய காதலாகவோ பிரிவாகவோ ஆகிவிடும். இல்லாதபோது அந்த இடத்தில் கேட்பவர் தன்னுடையதை வைத்துக்கொள்கிறார். ஆனால் பெரிய காரணம் வேறு. இந்த இசை நம்மைக் காத்திருக்க வைக்கிறது.

2011இல் மான்ட்ரியலில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். பங்கேற்றவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த, குரல் கலக்காத இசையைக் கேட்டு மெய்சிலிர்த்தபோது அவர்கள் மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் டோபமைன் சுரந்தது. அதில் வியப்பில்லை. அதற்குச் சில விநாடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று எதிர்பார்க்கும்போதும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது என்பதுதான் செய்தி.

நடன இசைக்கு இந்த எதிர்பார்ப்பே மூலதனம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 124 பீட் வேகத்தில் நான்கு நிமிடம் ஓடினால் ஒவ்வொரு பீட்டிலும் விழும் கனத்த அடியான கிக் டிரம் கிட்டத்தட்ட 500 முறை விழுந்திருக்கும். அதற்குள் உடம்பு அதைத் தனியாகக் கவனிப்பதை விட்டுவிடும். அப்போது பார்த்துக் கிக்கை எடுத்துவிடுகிறார்கள். 16 பார் (ஒரு பார் நான்கு பீட்), அதாவது 64 பீட், 31 விநாடி. அடி இல்லை, ஆனால் உள்ளுக்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த 31 விநாடிக்குள் சரியான ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறினாலே போதும். 32 பாருக்கு நீட்டினால் ஒரு நிமிடத்தைத் தாண்டும். அதைத் தாங்குகிற மெலடி கையில் இல்லாவிட்டால் கூட்டம் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடும்.

எடுத்துவிடுவதன் பலத்துக்கு நல்ல சான்று, டெட்ராய்ட் இசைக்கலைஞர் டெரிக் மே 'ரிதிம் இஸ் ரிதிம்' என்ற பெயரில் 1987இல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்'. நடன இசை, ஆனால் அதில் தாழ்ந்த சுரங்களின் ஓட்டமான பேஸ்லைனே கிடையாது. பியானோவும் வயலின் கூட்டமும் போன்ற ஒலிகள் கீழே எதுவும் தாங்காமல் மிதக்கின்றன. காது கடைசிவரை கீழே எதையோ தேடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பியானோப் பகுதி மேயுடையது அல்ல, அவருடைய நண்பர் மைக்கேல் ஜேம்ஸுடையது.

நேர் எதிரான வழியும் உண்டு. எதையும் எடுக்காமல், விடாமல் ஓட்டுவது. ஜார்ஜியோ மொரோடர், பீட் பெல்லாட், டோனா சம்மர் மூவரும் 1977இல் செய்த 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் மூக் சின்தசைசரின் பேஸ் ஒரு காதில் ஒலிக்கிறது. டிலே கருவி அதையே சற்றுத் தாமதித்து மறு காதில் தருகிறது. இரண்டும் சேர்ந்து கேட்கும்போது வேகம் இரட்டிப்பானதாகத் தோன்றும். மெஷின் களைப்பதே இல்லை. அதன்மேல் ஒரு மனிதக் குரல் மூச்செடுத்து மூச்சுவிடுகிறது. அந்த முரண்தான் உருக்குகிறது. இன்னொன்று, அதில் கிக் டிரம்மை வாசித்தது மெஷின் அல்ல, கீத் ஃபோர்சி என்ற டிரம்மர். அன்றைய மூக் சின்தசைசரில் அத்தனை கனமான கிக் கிடைக்கவில்லை.

கே: நேரில் கேட்டால் உடம்பே அதிர்கிறது. அதே டிராக் லேப்டாப்பில் சப்பென்று இருக்கிறது. கற்பனையா?

ப: கற்பனை இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'ஆர்ஃபெக்ஸ்' என்ற மின்னணு இசை இரட்டையரின் கச்சேரியில் ஒரு சோதனை நடத்தி, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களைக் கச்சேரி நடுவே மாற்றி மாற்றி இயக்கியும் அணைத்தும் பார்த்தார்கள். அவை ஓடிய நேரத்தில் மக்கள் 11.8 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள். எப்போது ஓடின என்பதை அவர்களால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை.

லேப்டாப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கைவிட்டுவிடும். கிக்கின் அடிப்படை அதிர்வு 50 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. ஆகவே அது அங்கே ஒலிப்பதே இல்லை. நீங்களே இசை செய்பவராக இருந்தால் கிக்குக்கும் பேஸுக்கும் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே கரகரக்க வைக்கும் திரிப்பு) கொடுங்கள். 100, 150, 200 ஹெர்ட்ஸில் மேல்சுரங்கள் பிறக்கும். அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்ளும். அதிகமானால் கிக் தகர டப்பா சத்தமாகிவிடும். சாச்சுரேஷனை இயக்கியும் அணைத்தும் ஒரே சத்த அளவில் ஒப்பிட்டு நிறுத்துங்கள்.

கே: எல்லாவற்றையும் மெஷின் செய்கிறது. மனிதருக்கு என்ன வேலை?

ப: எப்போது நிறுத்துவது என்று சொல்வது.

கே: வீட்டில் லேப்டாப்பில் இசை செய்கிறேன். கார்டு சரி, மெலடி சரி, ஆனால் உயிரே இல்லை. எங்கே கோளாறு?

ப: கேட்காமலே சொல்லலாம்: எதுவும் அசையவில்லை. நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில் சுருதி. ஒரே ஆஸிலேட்டரில் (சின்த்தில் ஒலியலையைப் பிறப்பிக்கும் பகுதி) பேட் ஒலி (நீண்டு பரவும் பின்னணிச் சுரங்கள்) செய்திருந்தால் இரண்டாக்குங்கள். ஒன்றை 6 சென்ட் மேலே, மற்றதை 6 சென்ட் கீழே தள்ளுங்கள் (ஒரு செமிடோனில், அதாவது அடுத்தடுத்த இரண்டு பியானோக் கட்டைகளின் இடைவெளியில், நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் இந்த 12 சென்ட் வேறுபாடு விநாடிக்குச் சுமார் 3 முறை அலையடிக்கும். அந்த அலைதான் வெதுவெதுப்பு. 1996இல் வந்த ரோலண்ட் ஜேபி-8000 சின்தசைசர் ஏழு ரம்பஅலைகளை இப்படி விலக்கி வைத்துத்தான் 'சூப்பர்சா' என்ற ஒலியைப் பரப்பியது. ஆனால் இதே வித்தையைப் பேஸில் செய்யாதீர்கள். 55 ஹெர்ட்ஸில் அதே 12 சென்ட் என்றால் ஓர் அலைக்கு இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். இரண்டு அலைகளும் எதிரெதிராக வரும் ஒவ்வொரு முறையும் பேஸ் காணாமல் போய்த் திரும்பும். 'என் பேஸ் சில பார்களில் மட்டும் ஏன் இளைக்கிறது' என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இதுவே. பேஸுக்கு ஒரே ஆஸிலேட்டர், மோனோ.

இதோடு மிக மெதுவான ஓர் எல்எஃப்ஓவை (ஓர் அமைப்பை மேலும் கீழும் ஆட்டும் மெதுவான அலை) சுருதியில் கட்டுங்கள். 0.1 ஹெர்ட்ஸ், 3 முதல் 5 சென்ட் ஆழம் போதும். பத்து விநாடிக்கு ஒரு சுற்று. அதை டெம்போவோடு பூட்டக் கூடாது. பூட்டினால் ஒவ்வொரு சுற்றும் தாளத்தின் அதே இடத்தில் விழுந்து இயந்திரம் தலைகாட்டிவிடும். பழைய டேப் போலச் சுருதி தள்ளாடும் அந்த ஏக்கத்தை ஸ்காட்லாந்தின் 'போர்ட்ஸ் ஆஃப் கனடா' சகோதரர்கள் ஒரு பாணியாகவே ஆக்கினார்கள்.

இரண்டாவது ஃபில்டர். பிரேக்டவுனில் (கிக் நின்றுவிடும் பகுதி) லோ-பாஸ் ஃபில்டரை (ஓர் அளவுக்கு மேலான அதிர்வுகளைத் தடுப்பது) 300 ஹெர்ட்ஸிலிருந்து 6000 வரை 16 பாரில் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர், அமைப்பு தானாக மாற வரையும் ஆட்டோமேஷனில் நேர்கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடு ஹெர்ட்ஸ் கணக்கில் சமமாக ஏறினால் முதல் பாரிலேயே 650ஐத் தாண்டிவிடும். அது ஓர் ஆக்டேவுக்கு (அதிர்வு இரட்டிப்பாகும் தூரம்) மேல். கடைசி எட்டு பாரிலோ ஓர் ஆக்டேவ்கூட முழுசாக ஏறாது. காது ஆக்டேவ் கணக்கில் கேட்பதால், தொடக்கத்தில் பொசுக்கென்று திறந்து பிறகு ஒன்றும் நடக்காததாகவே தோன்றும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: எட்டாவது பார் முடிவில் ஃபில்டர் சுமார் 1340 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். 3000க்கு மேல் நின்றால் கோட்டின் நடுவைக் கீழே இழுத்து வளையுங்கள். பல சின்த்களில் குமிழே ஆக்டேவ் கணக்கில்தான் இருக்கும். அங்கே நேர்கோடு சரி.

மூன்றாவது சைட்செயின், அதாவது ஓர் ஒலி விழும்போது இன்னொன்றைத் தானாகத் தணிப்பது. கிக் விழும்போது பேட் 3 முதல் 6 டெசிபல் தணிந்து அடுத்த கிக்குக்குள் மேலே வர வேண்டும். 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் மில்லிவிநாடி கிடைக்கும். 124க்கு 484. ரிலீஸை, அதாவது தணிந்த ஒலி மீளும் நேரத்தை, 200, 300க்குள் வையுங்கள். 450 வைத்தால் பேட் எழவே நேரமிருக்காது. 40 வைத்தால் படபடவென்று அடிக்கும். இதில் ஒரு கூடுதல் லாபம்: பிரேக்டவுனில் கிக் நின்றதும் தணிப்பும் நின்றுவிடுகிறது, பேட் தானாகவே நிமிர்ந்து அறையை நிரப்புகிறது. ஃபேடரை நீங்கள் தொடவே இல்லை. கேட்பவருக்கோ ஏதோ திறந்துவிட்டதாக இருக்கும்.

நான்காவது அடிகளின் பலம். ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற சிறு அடி) எல்லாம் உச்ச அளவான 127இல் இருந்தால் 70க்கும் 110க்கும் நடுவே பரப்புங்கள். கிளாப்பை 5 முதல் 10 மில்லிவிநாடி பின்னால் தள்ளலாம். கிக்கை மட்டும் அசைக்காதீர்கள். ஒன்று அசையாமல் இருந்தால்தான் மற்றவை அசைவது தெரியும். மென்பொருளின் தாளக் கட்டத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு. லண்டன் இசைக்கலைஞர் பரியல் 2007இல் வெளியிட்ட 'அன்ட்ரூ' தொகுப்பை, அடிகளைக் கட்டத்தில் அடுக்கும் சீக்வென்சரில் செய்யவில்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து அடுக்கினார். அந்தத் தடுமாற்றமும், சுருதி மாற்றிய குரல் துண்டுகளும், பழைய இசைத்தட்டின் கரகரப்பும் சேர்ந்ததே அதன் சோகம்.

இத்தனையும் செய்த பிறகு ஒவ்வொரு சேனலாக மியூட் செய்து கேளுங்கள். எடுத்தும் குறையாத ஒன்று நிச்சயம் இருக்கும். அதை நீக்குங்கள்.

கே: தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து செய்யக்கூடிய இசை இது. ஆனால் எங்கு பார்த்தாலும் இரட்டையர்கள், பள்ளித் தோழர்கள். ஏன்?

ப: தனியாகச் செய்ய முடிவதால்தான். ஒரு பேண்டில் டிரம்மருக்குக் கை வலித்தால் ஒத்திகை முடியும். லூப்புக்குக் கை வலிக்காது. எட்டு பாரை இரவு முழுக்கச் சுற்றவிடலாம். ஐம்பதாவது சுற்றில் காது பழகிவிடும், நல்லது கெட்டது தெரியாது. அப்போது முதல்முறையாகக் கேட்கும் ஒரு காது வேண்டும். கூச்சமில்லாமல் உண்மை சொல்லும் காது நண்பனிடம் மட்டும்தான் கிடைக்கும்.

வரலாறும் அப்படித்தான் போயிருக்கிறது. ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியான் ஷ்னைடரும் 1960களின் கடைசியில் மாணவர்களாகச் சந்தித்து, டுசல்டார்ஃப் நகரில் 'கிளிங் கிளாங்' ஸ்டுடியோவை வளர்த்து கிராஃப்ட்வெர்க் குழுவை உருவாக்கினார்கள். டெட்ராய்ட் டெக்னோவின் மூலவர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் மிச்சிகனின் பெல்வில் என்ற சிற்றூரில் பள்ளித் தோழர்கள். வானொலியில் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற அறிவிப்பாளர் கலந்தடித்து ஒலிபரப்பிய இசையைச் சேர்ந்து கேட்டு வளர்ந்தவர்கள். தாஃப்ட் பங்க்கின் தோமா பங்கால்தேரும் கி-மானுவல் து ஓமெம்-கிறிஸ்தோவும் பாரிஸில் லிசே கார்னோ பள்ளியில் 1987இல் பழகியவர்கள். 2021 பிப்ரவரியில் பிரியும்வரை அந்த இருவர் மட்டும்தான். மேலே சொன்ன பரியலும் ஃபோர் டெட் என்ற இசைக்கலைஞரும் லண்டன் பட்னியில் எலியட் பள்ளியில் படித்தவர்கள். 2009இல் சேர்ந்து ஒரு தட்டு வெளியிட்டார்கள்.

இவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது டிஜேக்கள் லாரி லெவன், ஃபிராங்கி நக்கிள்ஸ் கதை. நியூயார்க்கில் பதின்வயதிலிருந்தே நண்பர்கள், ஒரே இடத்தில் இசைத்தட்டு ஓட்டப் பழகியவர்கள். சிகாகோவில் தொடங்கவிருந்த 'வேர்ஹவுஸ்' கிளப்புக்கு முதலில் அழைக்கப்பட்டவர் லெவன். அவர் மறுத்ததும் 1977இல் நக்கிள்ஸ் போனார். லெவன் நியூயார்க்கில் 'பாரடைஸ் கராஜ்' கிளப்பை நடத்தினார். ஒரு நண்பர் வேண்டாம் என்றதை இன்னொருவர் எடுத்துக்கொண்டதில் 'ஹவுஸ்' என்ற நடன இசைக்கு ஒரு வீடு கிடைத்தது.

நண்பனின் முதல் கேட்பு ஒரு டிராக்குக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள். இரண்டாவது முறை அவரும் பழகிவிட்டார். நான்கு பார் ஐடியாவுக்காக அதைச் செலவழிக்க வேண்டாம். தொடக்கம் முதல் முடிவுவரை ஓடும் வடிவம் வந்த பிறகு கூப்பிடுங்கள்.

கே: நண்பனின் டிராக் சுமார். எப்படிச் சொல்வது?

ப: 'நல்லா இருக்கு' என்பதும் 'சரியில்லை' என்பதும் ஒரே அளவு பயனற்றவை. திரையைப் பார்க்காமல் ஒருமுறை முழுவதும் கேளுங்கள். திரை தெரிந்தால் அடுத்து என்ன வருகிறது என்று கண் முன்கூட்டியே சொல்லிவிடும். கவனம் சிதறிய இடங்களை மட்டும் நிமிடம், விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள்: '2:10இல் மனம் விலகியது', '3:40இல் கிக் வரும் என்று நினைத்தேன், வரவில்லை'. காரணத்தை அவர் கண்டுபிடிக்கட்டும். மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். இரண்டு மிக்ஸை ஒப்பிடச் சொன்னால் முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அது 'நன்றாக' இருப்பதாகக் காது சொல்லும். சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லி நட்பில் வீண் சண்டை போட்டவர்கள் நிறைய.

கே: ஆளுக்கொரு டிரம் மெஷின், சின்த் வைத்துக்கொண்டு நண்பர்கள் சேர்ந்து வாசிக்கிறோம். தொடக்கத்தில் சேர்ந்திருக்கிறது, பிறகு விலகிவிடுகிறது.

ப: இரண்டு கருவியிலும் 120 என்று தெரிவதால் இரண்டும் ஒரே வேகம் என்று ஆகாது. நிமிடத்துக்கு 0.05 பீட் வேறுபட்டாலே பத்து நிமிடத்தில் அரை பீட், 250 மில்லிவிநாடி விலகும். ஒன்று தலைமை, மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும். தலைமைக் கருவியின் மிடி (மின்னணு இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் பொதுமொழி) அவுட்டிலிருந்து அடுத்ததன் மிடி இன்னுக்குக் கேபிள் போடுங்கள். முதலாவதில் கிளாக் அனுப்புவதை இயக்கி, இரண்டாவதில் 'எக்ஸ்டர்னல்' தேர்ந்தெடுங்கள். கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். இரண்டு கருவிகளும் ஒரே கருவிக்குக் கிளாக் அனுப்பினால் அது இரட்டை வேகத்தில் பைத்தியம் பிடித்து ஓடும். லேப்டாப்கள் என்றால் ஒரே வைஃபையில் ஏபிள்டன் லிங்க் (இசை மென்பொருள்களின் தாளத்தை இணைக்கும் வசதி) போதும், அதில் தலைமையே தேவையில்லை.

மிடி மெதுவானது என்பதும் தெரிந்திருக்கட்டும். விநாடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தை அனுப்ப ஏறத்தாழ 1 மில்லிவிநாடி ஆகும். ஒரே கேபிளில் பத்துச் சுரக் கார்டும் கிக்கும் ஒரே கணத்தில் போனால் கிக் பின்னால் வந்து சேரலாம். கிக்குக்குத் தனி போர்ட் கொடுங்கள்.

இந்த மிடியே ஒரு வகையில் நட்பின் குழந்தை. போட்டி நிறுவனங்களான சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கினார்கள். 1983 ஜனவரியில் இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் பிராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6ஐயும் கேபிளால் இணைத்து, ஒன்றில் அழுத்த மற்றது ஒலித்தது. உரிமைக் கட்டணம் கேட்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார்கள். அதற்காக 2013இல் இருவருக்கும் டெக்னிகல் கிராமி கிடைத்தது. காசு கேட்டிருந்தால் உங்கள் மேசையில் இரண்டு கருவிகள் இன்றும் பேசிக்கொள்ளாமல் இருந்திருக்கும்.

கே: நண்பர் வேறு நாட்டில், வேறு மென்பொருளில் வேலை செய்கிறார். ஃபைல் அனுப்பினால் சுருதி இறங்கிவிடுகிறது, சில ஃபைல்கள் தாளம் தள்ளி வருகின்றன.

ப: சுருதி இறங்குவது சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) வேறுபாட்டால். 48,000இல் பதிந்ததை மாற்றாமல் 44,100 புராஜெக்டில் ஓட்டினால் சுருதி சுமார் ஒன்றரை செமிடோன் இறங்கும், 120 பீட் 110.25 ஆகும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். முதல் நாளே ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள்.

தாளம் தள்ளுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, எம்பி3. அது தொடக்கத்தில் 25 மில்லிவிநாடியோ அதற்கு மேலோ மௌனத்தைச் சேர்த்துவிடும். வேலைக்கு 24-பிட் வேவ் ஃபைல் மட்டும். மற்றது, ஒலி தொடங்கும் இடத்திலிருந்து வெட்டி அனுப்புவது. பதினேழாவது பாரில் நுழையும் பேட் ஆனாலும் முதல் பாரிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள். எல்லா ஸ்டெம்மும் (ஒவ்வொரு பகுதிக்குமான தனி ஒலி ஃபைல்) ஒரே இடத்தில் தொடங்கினால் அவர் இழுத்துப் போட்டதும் சேர்ந்துகொள்ளும். ரிவெர்ப் (அறை எதிரொலி) வால் அறுபடாமல் முடிவில் நான்கு பார் கூடுதலாக விடுங்கள். சத்தத்தின் உச்சத்தை அடக்கும் மாஸ்டர் லிமிட்டரை அணைத்து, உச்சம் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும்.

அடிக்கடி தவறுவது சைட்செயின். தணிப்போடு பேட்டை அனுப்பியிருப்பீர்கள். நண்பர் கிக்கை எடுத்துவிட்டால் அல்லது நகர்த்தினால், இல்லாத கிக்குக்குப் பேட் குனிந்து குனிந்து எழும். தணிப்போடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டாக அனுப்புங்கள். மெலடிக்கு மிடி ஃபைலும், உங்கள் மனதில் உள்ளது புரிய ஒரு கரட்டு மிக்ஸும் சேருங்கள். ஃபைல் பெயரில் டெம்போ, சுருதி, பதிப்பு எண். 'ஃபைனல்' என்ற சொல்லுக்குப் பெயரில் இடமில்லை. பாடலின் அமைப்பை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வேண்டும். இருவரும் ஒரே வாரம் ஆளுக்கொரு விதமாக மாற்றினால் பிறகு ஒட்டவைக்க முடியாது.

கே: சேர்ந்து செய்த டிராக்கின் பணத்தை எப்படிப் பிரிப்பது? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ப: கூச்சம் இப்போது மலிவு, டிராக் ஓடிய பிறகு விலை அதிகம். உரிமை இரண்டு என்று பிரித்து எழுதுங்கள்: இசையமைப்பு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. ஒவ்வொன்றிலும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, கூட்டினால் 100 வர வேண்டும். வேலை முடிந்த அன்றே இருவரும் ஒப்புக்கொண்டதாக ஒரு மின்னஞ்சலாவது இருக்கட்டும். யார் பதிவேற்றுவது, யார் கணக்கில் பணம் வரும், பிறர் இசையிலிருந்து எடுத்த சாம்பிள் உண்டா, பிரிந்தால் குழுவின் பெயர் யாருக்கு என்பதும் அதிலேயே. சதவீதத்தைக் கிக்குக்கு இவ்வளவு, மெலடிக்கு இவ்வளவு என்று அளக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அறையில் இருந்தவர்களுக்குச் சமபங்கு. 'அந்தப் பகுதியை எடுத்துவிடு' என்று சொன்னவர் ஒரு சுரமும் வாசித்திருக்க மாட்டார், டிராக்கைக் காப்பாற்றியது அவராக இருக்கலாம்.

கே: இரண்டு பேர் மாறி மாறி டிஜே செய்வதற்கு ஏதாவது விதி உண்டா?

ப: ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று டிராக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக மாறினால் ஒருவர் கட்டியதை மற்றவர் கலைத்துக்கொண்டே இருப்பார். அடுத்தவர் டிராக் ஓடும்போது அவருடைய சேனலைத் தொடக் கூடாது. சேனல் விளக்கு சிவப்பைத் தொட்டால் கெய்னை (சேனலுக்குள் வரும் ஒலியின் அளவு) குறைப்பது மட்டும் விலக்கு. ஒவ்வொருவரும் முந்தையவரைவிடக் கொஞ்சம் சத்தமாக வைப்பது வழக்கமான நோய், ஒரு மணி நேரத்தில் மிக்ஸர் உச்சியில் நிற்கும். காதுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் அளவுகோலில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: என்னோடு இசை செய்த நண்பர் இறந்துவிட்டார். அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் முடியாத புராஜெக்டுகள் நிறைய. முடித்து வெளியிடலாமா? பல ஃபைல்கள் திறக்கவே இல்லை.

ப: முதலில் எதையும் திறக்க வேண்டாம். முழு டிஸ்க்கையும் வேறு இரண்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, மூலத்தை எடுத்து வையுங்கள். நண்பரின் பழைய கணினி ஓடுகிறது என்றால் அதுவே உங்கள் மிகப் பெரிய சொத்து. அதில் சிஸ்டத்தையோ மென்பொருளையோ அப்டேட் செய்யாதீர்கள். இணையத்தைத் துண்டித்து வைப்பது நல்லது. புதிய கணினியில் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் பழைய 32-பிட் ப்ளக்-இன்கள் (இசை மென்பொருளோடு சேரும் துணை நிரல்கள்). ஆப்பிள் கணினிகளில் 2019இன் கேட்டலினாவிலிருந்து அவை ஓடுவதே இல்லை.

பழைய கணினியில் ஒவ்வொரு புராஜெக்டாகத் திறந்து, உடனே வேறு பெயரில் சேமியுங்கள். எதையும் திருத்தும் முன் ஒவ்வொரு சேனலையும் எஃபெக்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை வேவ் ஃபைலாக எடுங்கள். மிடியைத் தனியாக எடுங்கள். சாம்பிள் காணோம் என்று வந்தால் அவசரப்பட்டு வேறொன்றை வைக்காதீர்கள். பெயரை வைத்து டிஸ்க் முழுக்கத் தேடினால் வேறு ஃபோல்டரில் கிடைக்க வாய்ப்பு அதிகம். புராஜெக்டோடு கரட்டு மிக்ஸ் எதுவும் இருந்தால் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விட்டுச்சென்ற ஒரே சாட்சி அது.

முடிப்பதா என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. 2021 ஜனவரியில் மறைந்த மின்னணு இசைக்கலைஞர் சோஃபியின் கடைசித் தொகுப்பை, அவரோடு ஸ்டுடியோவில் இருந்த சகோதரர் பென்னி லாங் முடித்து 2024 செப்டம்பரில் வெளியிட்டார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் யோசனை: நீளத்தை ஒழுங்கு செய்யலாம், மிக்ஸ் செய்யலாம், புதிய மெலடி சேர்க்க வேண்டாம். எட்டு பார் லூப்பாக மட்டும் நிற்பதை லூப்பாகவே வெளியிடலாம், அதில் கௌரவக் குறைவு இல்லை. நீங்கள் சேர்த்தது எது, அவருடையது எது என்று வெளியீட்டுக் குறிப்பில் பகுதி பகுதியாக எழுதுங்கள். அவருடைய பங்கின் உரிமை இப்போது அவருடைய வாரிசுகளுக்கு. வெளியிடும் தீர்மானம் எடுத்த பிறகு போய்க் கேட்காமல், ஸ்டெம் எடுக்கத் தொடங்கும் முன்பே அவர்களிடம் பேசி, சம்மதத்தையும் பங்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.